மலைப்பாதைக் குமட்டல்: உடம்பைப் பழக்குவது எப்படி

"எனக்கு பஸ் ஒத்துக்காது" என்பவர்கள் அதை மாற்ற முடியாத உடல்வாகு போலச் சொல்வார்கள். பெரும்பாலோருக்கு அது மாறக்கூடியதுதான். வால்பாறைக்கு மாற்றலாகிப் போகும் ஆசிரியரோ வாரம்தோறும் கொல்லிமலை ஏறி இறங்கும் செவிலியரோ முறையாகப் பழகினால், சில வாரங்களில் குமட்டல் நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்துக்கொண்டே போய்வருவது பழகுவது ஆகாது. அது டீசல் வாடை பட்டாலே வயிறு புரளும் நிலைக்குக் கொண்டுபோய் விடும். உடம்பு எப்படிக் கற்கிறது என்று தெரிந்தால்தான் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை உணரும். அவற்றை அடுத்து நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு பைகள் இருக்கின்றன. முன்னும் பின்னும் தள்ளப்படுவதையும் சாய்வதையும் மேலும் கீழும் போவதையும் இவை அறியும். கண்ணும் கழுத்துத் தசையும் உள்ளங்காலும் தங்கள் பங்குக்குத் தகவல் அனுப்புகின்றன. இவை எல்லாம் வந்து சேரும் முன்பே, அடுத்த கணம் என்ன தகவல் வரவேண்டும் என்று சிறுமூளை ஒரு கணிப்பைப் போட்டு வைத்திருக்கும். கணிப்பும் வந்த தகவலும் தொடர்ந்து முரண்பட்டால் குமட்டல் தொடங்குகிறது.

பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் "அசைவில்லை" என்கிறது. காது "இடப்பக்கம் திரும்புகிறோம், வேகம் குறைகிறது" என்கிறது. ஓட்டுநருக்கு இந்த முரண் மிகக் குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்புவது அவருடைய கைதான். வளைவு வருமுன்பே அவருடைய மூளை அதற்குத் தயாராகிவிடுகிறது. சொந்தமாக ஓட்டும்போது ஒன்றும் ஆகாதவர் பின் சீட்டில் உட்கார்ந்ததும் வாடிப்போவது இதனால்தான்.

இதில் வயிறு குற்றவாளி அல்ல, உள்காது இல்லாமல் இந்தக் குமட்டல் வராது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பென்சகோலா ஆய்வு மையம், காலாடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 காதுகேளாத ஆண்களைச் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் சோதனைகள் நடத்தியது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சல் உள்காதின் சமநிலை உறுப்பையும் கெடுத்திருந்தது. கொந்தளிக்கும் கடலில் கப்பல் ஆடியபோது அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடினார்கள், ஆய்வாளர்கள்தான் படுத்துவிட்டார்கள்.

எல்லா ஆட்டமும் ஒரே அளவுக்குக் குமட்டுவதில்லை. ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வரும் மெதுவான ஆட்டம்தான் மிக மோசம். குண்டும் குழியுமான சாலையின் கடகட ஆட்டம் முதுகை வலிக்கச் செய்யும்; அவ்வளவாகக் குமட்டாது. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக், திருப்பம், மறுபடி வேகம் என்று மாறி மாறி வருவது அந்த மோசமான வேகத்துக்கு அருகில் விழுகிறது.

பழகும்போது மாறுவது சிறுமூளையின் கணிப்பு. முரண்பட்ட தகவல் ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப வந்தால், "இந்த வண்டியில் இப்படித்தான் வரும்" என்று அது தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. சுற்றுவதை நிறுத்தியதும் உள்காதுக் குழலின் சைகை ஐந்தாறு வினாடியில் தணிந்துவிடும். ஆனால் மூளை அந்த உணர்வை 15 முதல் 20 வினாடி வரை பிடித்து வைத்துக்கொள்கிறது. பழகப் பழக இந்த நேரம் குறைகிறது. ஒரு வளைவின் மிச்சம் அடுத்த வளைவோடு கலந்து குவிவதும் அதனால் குறைகிறது.

இந்தக் கற்றலுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முரண் உணரப்பட வேண்டும், அது தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும், இடைவெளி அதிகமில்லாமல் திரும்ப வர வேண்டும். கீழே வரும் பயிற்சி முழுதும் இவற்றிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஓர் அளவுகோல்

உங்கள் நிலையை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லப் பழகுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை. 1 என்றால் ஏதோ சரியில்லை, ஆனால் இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. 2 முதல் 5 வரை குமட்டல் இல்லாத அறிகுறிகள்: கொட்டாவி, ஏப்பம், தலை கனத்தல், உடம்பு சூடாவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது. 6 என்பது லேசான குமட்டல். 7, 8 குமட்டல் வலுப்பது, 9 ஓங்கரிப்பு, 10 வாந்தி.

பயிற்சியில் எட்ட வேண்டியது 3 அல்லது 4. ஐந்தைத் தொட்டால் பின்வாங்க வேண்டும். ஆறைத் தாண்டிய பிறகு உடம்பு கற்பதைவிட மிரள்வதே அதிகம். அதற்கு மேல் சிறு அசைவும் பெரிதாகத் தெரியும்; இறங்கிய பிறகும் சில மணி நேரம் அந்தக் கூச்சம் நீடிக்கும். காலையில் வாந்தி எடுத்துவிட்டு, மாலையே திரும்பி வரும் பயணத்தில் இன்னும் சீக்கிரம் குமட்டுவது அதனால்தான். "விட்டுப் பிடிக்காமல் ஒரேயடியாகத் தாங்கிக்கொண்டால் பழகிவிடும்" என்ற அறிவுரையை நாங்கள் ஏற்பதில்லை. கெடுதல் செய்யும் அறிவுரை அது.

சிலருக்குக் குமட்டலே வராது. தூக்கமும் சோர்வும் எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் மட்டும் வரும். அதுவும் இதே நோயின் முகம்தான். அவர்கள் தூக்கக் கலக்கத்துக்கு எண் கொடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் 2 வாரம்

பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சி: கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே வையுங்கள். நகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும், வினாடிக்கு ஒரு திருப்பம் என்ற வேகத்தில் 1 நிமிடம் அசையுங்கள். பிறகு மேலும் கீழும் 1 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. நகம் மங்கலாகத் தெரிந்தால் வேகம் அதிகம் என்று பொருள், குறையுங்கள். 4 நாள் கழித்து இதையே நின்றுகொண்டும், பிறகு நடந்துகொண்டே சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்தும் செய்யலாம்.

சுழல் நாற்காலி: 6 வினாடிக்கு ஒரு சுற்று என்ற மெதுவான வேகத்தில், கண்ணை மூடிக்கொண்டு, 1 நிமிடம் வேறொருவர் உங்களைச் சுற்றட்டும். நிறுத்தியதும் கண்ணைத் திறக்காமல், சுற்றும் உணர்வு அடங்கும் வரை காத்திருங்கள். பிறகு எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம், விழும் வாய்ப்பு உண்டு. முதல் வாரம் தலையை நேராக வைத்திருங்கள். இரண்டாம் வாரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தலையை மெதுவாக ஒரு தோள் பக்கம் சாய்த்து மீண்டும் நிமிர்த்துங்கள். இந்தச் சாய்ப்பு மிக வலுவானது. முதல் நாள் இரண்டு சாய்ப்பு போதும். குமட்டலால் பறக்க முடியாமல் தவித்த விமானிகளுக்குப் பிரிட்டிஷ் விமானப்படை தந்த பயிற்சியின் அடிப்படையும் இதுதான்: சுழலும் நாற்காலி, தலையசைவு, நாளுக்கு நாள் சிறிது கூடும் வேகம், அதன் பிறகு படிப்படியான பறத்தல். பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஊஞ்சல் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு வசதி. கொக்கியிலிருந்து பலகை வரை 2.2 மீட்டர் இருந்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 3 வினாடி ஆகும். 5 வினாடிக்கு இணையாகாது என்றாலும் மெதுவான ஆட்டத்துக்குப் பழக உதவும். முதலில் 5 நிமிடம் தூரத்துச் சுவரைப் பார்த்தபடி, அடுத்த நாள்களில் கண்ணை மூடியபடி, கடைசியில் மடியில் பேப்பரை விரித்துப் படித்தபடி ஆடுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். படிப்பதுதான் கடினம்.

மனதுக்குள் உருவங்களைத் திருப்பிப் பார்க்கும் புதிர்களும் பயன்படும். ஒரு கனசதுர அடுக்கைப் பின்பக்கமிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பது போன்றவை. பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வில், தினம் 15 நிமிடம் என 2 வாரம் தாளும் பென்சிலுமாக இதைச் செய்தவர்களுக்கு வாகனக் குமட்டல் பாதிக்கு மேல் குறைந்தது. செலவில்லாதது, ஆபத்தில்லாதது, நாற்காலி பிடிக்காதவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

சாலையில்

வீட்டுப் பயிற்சி தயார்ப்படுத்துமே தவிர, மலைப்பாதைக்குப் பழக்குவது மலைப்பாதைதான். பழக்கம் அந்தந்த அசைவுக்கே உரியது. காருக்குப் பழகியவருக்குப் படகு புதிது. ஆண்டுக்கணக்கில் கடலில் இருந்தவருக்குக்கூட மலை பஸ் குமட்டலாம்.

வளைவுகளின் எண்ணிக்கையை வைத்துப் படிகளை அமைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகை செல்லும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஆழியாறு–வால்பாறை 40. காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70. குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி, ஒரே சாலையை எண் 3க்கு மேல் போகாமல் இரண்டு முறை கடந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். வேறு வழியில்லாமல் வால்பாறைக்கே போக வேண்டியவர்கள் பயணத்தை உடைத்துக்கொள்ளலாம். ஆழியாறில் இறங்கி அரை மணி நேரம் உட்கார்ந்து, எண் 0க்கு வந்த பிறகு ஏறுங்கள். அட்டகட்டியில் மறுபடி இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். முதல் 2 வாரத்தில் வாரம் மூன்று பயணமாவது வேண்டும். மாதம் ஒரு முறை போனால் கற்றது அடுத்த முறைக்குள் கரைந்துவிடும்.

புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ இரண்டு துண்டு ரொட்டியோ சாப்பிடுங்கள். வெறும் வயிறு நல்லது என்பது தவறான எண்ணம். காலி வயிறு குமட்டலைக் கூட்டும். பூரி, வடை, பரோட்டா வேண்டாம். முந்தைய இரவு மது கூடவே கூடாது. தூக்கம் குறைந்த நாளில் பயிற்சியை ஒத்திப்போடுங்கள்.

இடத்தைத் தேர்வது பாதி வெற்றி. பஸ்ஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில், முடிந்தவரை முன்னால், சாலை தெரியும் இருக்கை. பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள வரிசைகள் வளைவில் அகலமாக வீசப்படும். தூக்கிப்போடுவதும் அங்கேதான் அதிகம். சில பஸ்களில் இன்ஜின் முன்னால் இருப்பதால் சூடும் வாடையும் தொல்லை தரும். அப்போது இரண்டு வரிசை பின்னால் போய் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. மூன்றாவது வரிசை வேண்டவே வேண்டாம்.

இனி, பயணத்தின்போது செய்ய வேண்டியது. இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வளைவு வரும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். பயணிகளின் தலையும் அந்தப் பக்கமே சாயும். ஓட்டுநரைக் கவனித்துப் பாருங்கள், அவர் தலை வளைவின் உள்பக்கம் சாயும். நீங்களும் அதையே செய்யுங்கள். சாலை இடப்பக்கம் திரும்புகிறதென்றால், தள்ளல் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே தலையை இடப்பக்கம் சாயுங்கள். பயணிகள் இப்படிச் செய்தால் குமட்டல் குறைவதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் எளிது. நீங்களாகச் செய்யும் அசைவை மூளை முன்கூட்டியே அறியும். சும்மா வீசப்படும் உடம்பைவிட, முந்திக்கொண்டு அசையும் உடம்பு வேகமாகக் கற்கும்.

பார்வை சாலை மறையும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்து ஜன்னலில் ஓடும் மரங்களைப் பார்க்க வேண்டாம். எண் 4 ஆனதும் மூச்சைக் கையில் எடுங்கள்: 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. வண்டியின் ஆட்டத்தோடு சேராமல், உங்கள் எண்ணிக்கையிலேயே விடுங்கள். முகத்தில் காற்றுப் படட்டும். பிடித்த பாட்டு உண்மையில் உதவுகிறது. இஞ்சி சிலருக்குப் பயன்படுகிறது, சிலருக்கு இல்லை; சிறு துண்டை மென்று பார்ப்பதில் தவறில்லை. எலுமிச்சம்பழம் முகர்வதும் அப்படியே. டீசல் வாடையை மறைத்தாலே பெரிய நிம்மதி.

எண் 5ஐத் தொட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. இறங்க முடியுமானால் இறங்குங்கள். முடியாதபோது தலையை இருக்கையில் அழுத்திச் சாய்த்து, கண்ணை மூடி, அசையாமல் இருங்கள். இது தப்பிக்கும் வழி; தோல்வி அல்ல. ஆனால் முழுப் பயணத்தையும் தூங்கிக் கடப்பதைப் பயிற்சியாகக் கணக்கிட வேண்டாம். விழித்திருக்கும் மூளைதான் முரணைக் கவனித்துத் திருத்திக்கொள்ளும். மூடியுள்ள சிறு டப்பா ஒன்றையும் ஈரத் துணியையும் எப்போதும் கையருகில் வையுங்கள். வாந்தி வந்தால் என்ன செய்வது என்ற பதற்றமே பலருக்கு எண்ணைக் கூட்டிவிடுகிறது.

மாத்திரை எங்கே பொருந்தும்

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் பயணம் சுமார் 4 மணி நேரம். அதற்குள் எந்த உடம்பும் கடலுக்குப் பழகாது. மாத்திரை போட்டுக்கொள்வதே சரி. சென்னை–போர்ட் பிளேர் கப்பலில் கதை வேறு. ஏறத்தாழ 3 நாள் ஓடும் பயணம் அது. உடம்பு கடலுக்குப் பழகவும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்கள் ஆகும். நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் படுக்கை கேளுங்கள்; முதல் நாள் மாத்திரை, அதன் பிறகு மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்த்தபடி நடை. இறங்கிய பிறகு தரை ஆடுவதுபோல் தோன்றினால் பயப்பட வேண்டாம். மூளை கப்பலின் கணக்கைத் தரைக்குப் போட்டுப் பார்க்கிறது. ஓரிரு நாளில் மாற்றிக்கொள்ளும். மாதக் கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பெரியவர்களுக்குப் பொதுவாகத் தரப்படுபவை: புரோமெத்தசின் தியோக்ளேட் 25 மில்லிகிராம், பயணத்துக்கு ஒன்று முதல் 2 மணி நேரம் முன்பு; அவோமின் என்ற பெயரில் கிடைப்பது இதுதான். டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரண்டும் தூக்கத்தைத் தரும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. அந்த வயதில் பயணக் குமட்டல் அரிது என்பதால் தேவையும் பெரும்பாலும் வராது. அதிகம் வாடுவது பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள்தான். வளர வளரக் குறையும்.

நடைமுறையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, குமட்டல் தொடங்கிய பிறகு மாத்திரையை விழுங்குவது. அதற்குள் இரைப்பை வேலையை நிறுத்தியிருக்கும். மாத்திரை குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். மற்றொன்று, வாந்தி என்றதும் ஒண்டான்செட்ரான் வாங்கிப் போடுவது. வயிற்றுக் கோளாறு வாந்திக்கும் புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும் அது நல்ல மருந்து. பயணக் குமட்டலுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. பிறக்கும் இடம் வேறு என்பதால் மருந்தும் வேறு.

பழகும் காலத்தில் மாத்திரையையும் படியாக இறக்குங்கள். முதல் சில பயணங்களுக்கு மாத்திரையோடு போகலாம். எண் 2க்குள் நிற்கத் தொடங்கியதும், இறக்கத்துக்கோ ஏற்றத்துக்கோ, உங்களுக்கு எது எளிதோ அதற்கு மாத்திரை இல்லாமல் போய்ப் பாருங்கள். பிறகு மற்றதற்கும். தவிர்க்க முடியாத நீண்ட பயண நாளில் மாத்திரை போடுவதால் பயிற்சி கெட்டுவிடாது. மோசமான ஒரு வாந்திதான் உங்களைப் பல படிகள் பின்னுக்குத் தள்ளும்.

முன்னேற்றம் நின்றுபோனால்

4 வாரம் ஒழுங்காகச் செய்தும் எண் இறங்காவிட்டால் முதலில் இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலும் பயணங்கள் மிகத் தள்ளித் தள்ளி இருக்கும். அடுத்து, ஒவ்வொரு முறையும் 6ஐத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் குமட்டல் எளிதில் வரும், மெதுவாகத்தான் குறையும். தலைவலிக்குச் சிகிச்சை எடுத்தால் இதுவும் இளகலாம். மாதவிடாயை ஒட்டிய நாள்களில் எண் கூடுவதும் இயல்பு. அந்த நாள்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மிகச் சிலருக்கு எவ்வளவு பழகினாலும் முழுமையாகப் போகாது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி அட்மிரல் நெல்சனுக்குக் கடைசிவரை கொந்தளிப்பில் குமட்டியது; பீகிள் கப்பலில் சார்லஸ் டார்வின் ஏறத்தாழ 5 ஆண்டும் அவதிப்பட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு இருக்கைத் தேர்வும் தலைச்சாய்ப்பும் மாத்திரையும் துணை நிற்கும்.

வண்டியில் இல்லாதபோதே தலை சுற்றுவது, ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைவது, விடாத இரைச்சல் ஆகியவை பயணக் குமட்டல் அல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ ஒரு பக்கம் மரத்துப்போனாலோ உடனே அவசரச் சிகிச்சை தேவை.

பழகிய பிறகு மூன்று நான்கு வாரம் மலை ஏறாவிட்டால் பாதி மறந்துபோகும். ஆனால் மறுபடி கற்பது முதல் முறையைவிடச் சீக்கிரம் நடக்கும். கோடை விடுமுறை முடிந்து திரும்பும் ஆசிரியர்கள் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே கட்டைவிரல் பயிற்சியைத் தொடங்கி, முதல் ஏற்றத்துக்கு மாத்திரையும் முன்னிருக்கையும் வைத்துக்கொண்டால் போதும்.